கோழியைத் தேடினாங்க... வாத்து மாட்டுச்சு! பறவைக் காய்ச்சல் மேப் சொல்லும் கதை

‘பறவைக் காய்ச்சல்’னு செய்தி வந்ததும் நம்ம கண் போறது கோழிப்பண்ணைப் பக்கம்தான். கோழி அதிகம் இருக்கிற ஊர்தானே ஆபத்தான ஊர்? அப்படி இல்லைங்க!

2004-ல் தாய்லாந்தில் ஹெச்5என்1 பரவியபோது, நோய் வந்த இடங்களை ஆய்வாளர்கள் மேப்பில் குறித்தார்கள். அதன்மேல் கோழி எண்ணிக்கை, வாத்து எண்ணிக்கை, சாட்டிலைட்டில் தெரிந்த நெல் வயல்கள் எனப் பலதையும் பொருத்திப் பார்த்தார்கள். நோயோடு அதிகம் ஒத்துப்போனது, வயலில் மேயும் வாத்து! அறுவடை முடிஞ்ச வயல்ல சிந்திக் கிடக்கிற நெல்லுக்காக வாத்துக் கூட்டத்தை ஊர் ஊரா கொண்டுபோவாங்க. தண்ணியில காட்டுப் பறவைகளோட கலக்கிற வாத்து, பல நேரம் அறிகுறியே காட்டாம வைரஸைச் சுமக்கும். ஆக, எங்கே எந்த மாசம் அறுவடைன்னு தெரிஞ்சா, ஆபத்து நகர்ற திசையை ஓரளவு ஊகிக்கலாம்.

நம்ம பக்கத்து மாநிலமான கேரளாவின் குட்டநாட்டிலும் இதே காட்சிதான்... காயல், வயல், வாத்து. ஆலப்புழா மாவட்டத்தில் 2014, 2016, 2021 என நோய் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. நோய் உறுதியானால், சுற்றி 1 கி.மீ-க்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள், 10 கி.மீ வரை கண்காணிப்பு. வட்டத்துக்குள்ள மாட்டுனா, நல்லா இருக்கிற வாத்தும் போயிடும். வளர்த்தவருக்கு அதுதான் வருமானம். மேப்பைப் பார்த்து முன்னாடியே அங்கே பரிசோதனையைக் கூட்டினால், முதல் பண்ணையோடவே தடுக்க வாய்ப்பிருக்கு.

ஆனா, முட்டை ட்ரேயும் லாரி டயரும் எந்தப் பக்கம் போகும்னு சாட்டிலைட்டுக்குத் தெரியாதே! அதனாலதான் எல்லைச் செக்போஸ்ட்ல கிருமிநாசினி அடிக்கிறாங்க.

நம்ம தட்டுக்கு வருவோம். 70 டிகிரியில் உள்வரை வெந்தால் வைரஸ் தாங்காது. ஆஃப்பாயில் பிரியர்களே, அந்த சீசன்ல மட்டும் ஃபுல்பாயில் ப்ளீஸ்!