கறுப்பு கவர் ரகசியம்!

காரைக்காலில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். இங்கே விலை குறைவு என்பதால் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி வருகிற நண்பர்கள், பாட்டிலும் கையுமாக ராஜநடை போட்டுப் போவார்கள். அதே தெரு மெடிக்கல் ஷாப்பில் ஒருத்தர் நாப்கின் கேட்டுவிட்டால்... கடைக்காரர் குரல் தானாக இறங்கிவிடும். முதலில் நியூஸ் பேப்பர். அதற்கு மேல் கறுப்பு பாலிதீன் கவர். வாங்கினவர் அதை கடத்தல் தங்கம் மாதிரி வண்டிப் பெட்டிக்குள் திணித்துக்கொண்டு பறப்பார். பாட்டிலுக்கு இல்லாத வெட்கம் பஞ்சுக்கு!

எங்க மண்டபத்தூர் கடலோர ஊர். தரங்கம்பாடி தொட்டுவிடும் தூரம். ஒரு வீட்டில் பெண் வயசுக்கு வந்தால் பந்தல், மைக் செட், மாமன் சீர்வரிசை, போதாததற்கு ஃப்ளெக்ஸ் பேனரில் அவள் போட்டோ. அழைப்பிதழ் அடித்து ஊருக்கே சொல்லியாகிவிட்டது. அடுத்த மாசத்திலிருந்து அதே பெண் அதே விஷயத்தை சொந்த அப்பா, அண்ணனுக்குக்கூடத் தெரியாமல் மறைக்க வேண்டும். 'தூரம்', 'வீட்டுக்கு விலக்கு', 'தலைக்குக் குளிச்சிருக்கா' என்று எத்தனை சங்கேத வார்த்தைகள்! ராணுவத்தில்கூட இவ்வளவு இருக்குமா தெரியவில்லை.

இந்த மறைப்பில் அடி வாங்குவது உடம்பு. நம்ம அம்மாக்கள் காலத்தில் பழைய காட்டன் புடவையைக் கிழித்து வைத்துக்கொண்டார்கள். சோப்புப் போட்டு அலசி, சுள்ளென்ற வெயிலில் காய வைத்தால் துணியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கே காய வைத்தார்கள்? பாத்ரூம் மூலையில், கட்டிலுக்கு அடியில், இன்னொரு புடவைக்குக் கீழே! அதுவும் கடல் காற்றடிக்கிற ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேட்டியே காயாது. ஈரத் துணியில் கிருமி சேர்ந்து அரிப்பு, புண், தொற்று. தப்பு துணி மேல இல்லை ஸார், கொடி கட்டின இடத்து மேல! ஆரோவில்லில் 'ஈகோ ஃபெம்' என்ற அமைப்பு 2010 முதல் இதே துணியை அளவாகத் தைத்து, துவைத்து மறுபடி பயன்படுத்துகிற பேடாகத் தருகிறது.

கோயமுத்தூர் அருணாசலம் முருகானந்தத்தை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018-ல் 'பேட்மேன்' என்று அக்ஷய் குமார் நடித்தாரே, அவர் கதைதான். 1998-ல் புது மாப்பிள்ளை. மனைவி சாந்தி எதையோ ஒளிப்பதைப் பார்த்துக் கேட்டால், பழந்துணி! நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்குகிற காசு போய்விடும் என்பது அவர் கணக்கு. சரி, நாமே செய்வோம் என்று மனிதர் பஞ்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உள்ளே இருப்பது வெறும் பஞ்சு இல்லை, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அதைவிடப் பெரிய கஷ்டம், 'எப்படி இருந்தது?' என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காதது. மனைவி, சகோதரிகள், மருத்துவக் கல்லூரி மாணவிகள் என்று எல்லோருக்கும் கூச்சம். கடைசியில் ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தம் ஊற்றி, தானே கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் பைத்தியம் என்றது. மனைவியும் பிரிந்து போனார் (அப்புறம் திரும்பி வந்துவிட்டார்). 2016-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மெஷினை ஒரு மனிதர் தனியாகச் செய்துவிட முடிந்தது. ஒரு பெண்ணை வாய் திறக்க வைப்பதுதான் முடியவில்லை!

அரசாங்கம் மட்டும் என்னவாம்? 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமத்துக்கும் வளையலுக்கும் வரி கிடையாது. நாப்கினுக்கு 12 சதவீதம். கண்டனம் கிளம்பி, 2018 ஜூலையில்தான் எடுத்தார்கள்.

நாப்கின் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே பிளாஸ்டிக். மண்ணில் லேசில் மக்காது. டாய்லெட்டில் போட்டால் குழாய் அடைக்கும். எங்கே போடுவது என்று யாரையும் கேட்கவும் முடியாது. கவர் கறுப்பாச்சே!

இதற்கு மாற்றாக வந்ததுதான் சிலிகோன் கப். புதுசு என்று நினைக்க வேண்டாம், அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் 1937-லேயே ரப்பர் கப்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். கொதிக்க வைத்துச் சுத்தம் செய்தால், ஒரே கப் வருஷக்கணக்கில் வரும். கொச்சி பக்கத்தில் கும்பளங்கி (ஆமாம், 'கும்பளங்கி நைட்ஸ்' ஊரேதான்!) எங்களைப் போலவே மீன்பிடிக்கிற ஊர். 2022-ல் வீட்டுக்கு வீடு கப் கொடுத்து, நாப்கின் இல்லாத ஊர் என்று அறிவித்தார்கள். இங்கே சொன்னால், "கல்யாணம் ஆகாத பொண்ணு அதையெல்லாம்..." என்று இழுப்பார்கள். கப் வைத்தால் கன்னித்தன்மை போய்விடாது என்று டாக்டர்கள் சொன்னாலும் காதில் ஏறாது. அதற்காக எல்லோரும் கப்புக்கு மாறுங்கள் என்று நான் பிரசாரம் செய்யவில்லை. சிலருக்கு அது பிடிக்காது. உடம்பு அவர்களுடையது.

நம்ம ஆபீஸ் நண்பர்களுக்கு ஒரு டிப்ஸ். கடையில் போய் "அந்த... அது ஒண்ணு கொடுங்க" என்று முனகினால், கடைக்காரர் கைக்கு வந்ததைத்தான் சுற்றித் தருவார். நாப்கினில் சைஸ் உண்டு, விங்ஸ் வைத்தது, வைக்காதது உண்டு, ராத்திரிக்கென்றே நீளமாக உண்டு. முதலில் வீட்டில் கேளுங்கள்.

இவ்வளவும் படித்த தைரியத்தில் போன மாசம் எங்க அக்காவிடம், "உனக்கு என்னக்கா வேணும்? கப்பா, நாப்கினா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் முறைத்தாள்.

"எனக்குத் துணிதான்டா சரி. மொட்டை மாடியில நல்ல வெயில் படற மாதிரி ஒரு கொடி கட்டிக் கொடு."

கட்டியாச்சு. பக்கத்திலேயே என் லுங்கியும் காய்கிறது.