கழற்றும்போதே மாற்று, கழற்றிப் போட்டு விடாதே!

சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் பழைய கார் கதவு கிடக்கும். அடுத்த கடையில் கியர் பாக்ஸ். எதிர்க்கடையில் ஸ்டியரிங். எல்லாம் ஒரு காலத்தில் ஜம்மென்று ஓடிய வண்டிகள்தான்.

அடிபட்ட வண்டி மட்டும்தான் இந்தக் கதிக்கு ஆளாகும் என்பதில்லை. "புதுசாக்கப் போறேன்" என்று ஆசையாகக் கழற்றி, திரும்ப மாட்ட முடியாமல் போன வண்டிக்கும் கடைசியில் இதே கதிதான்!

நம்ம ஊர் ஹெரால்டு

பழைய கார் பிரியர்கள் இன்றும் செல்லமாக வைத்திருக்கும் வண்டிகளில் ஒன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ம் ஆண்டு முதல் சென்னையிலேயே தயாரான கார். ஆரம்பத்தில் வந்தது 948 சி.சி. இன்ஜின். 1972-ல் கெஸல் வந்தது, ஹெரால்டு விடைபெற்றது. கெஸலும் போய், தயாரித்த கம்பெனியும் இப்போது இல்லை.

இந்த வண்டியில் மட்கார்டோடு சேர்ந்து பானட் முழுவதும் முன்பக்கமாகச் சாயும். இன்ஜின் அப்படியே கைக்கு எட்டும். ஆனால் கிளட்ச் எட்டாது!

சீட்டைக் கழற்றணும். நடுவில் மேடாக இருக்கும் மூடியை எடுக்கணும். கியர் பாக்சை காருக்கு உள்ளே இருந்தபடியே பின்னால் இழுத்துத் தூக்கணும். அதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

எனவே கியர் பாக்சில் ஆயில் ஒழுகுகிறது என்று இறக்கினால், சீலை மட்டும் மாற்றிவிட்டு மூடக் கூடாது. கிளட்ச் பிளேட்டில் ரிவெட் தலை தட்டுகிறதா, ரிலீஸ் பேரிங் கரகரக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றுவதுதான் லாபம். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று விட்டால் அதே சீட்டு, அதே மூடி, அதே கூலி. மறுபடியும் முதலிலிருந்து!

உயிர் விஷயம்

சில சாமான்களில் காசு கணக்கே பார்க்கக் கூடாது.

ஹெரால்டின் முன்சக்கரம் திரும்பும் இடத்தில், கீழே ஒரு வெண்கல மூட்டு இருக்கிறது. மரை போட்ட இரும்புத் தண்டு அதற்குள் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். பலர் கிரீஸை அடித்து விடுகிறார்கள். உள்ளே காய்ந்து, துருவேறி, தேய்ந்து ஒருநாள் தண்டு ஒடியும். ஓடுகிற வண்டியில் சக்கரம் மடங்கும்! முன்பக்கம் பிரித்திருக்கும்போது இதைப் பார்க்காமல் மூடுவது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

பிரேக் ஹோசும் அப்படியே. வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே ரப்பர் உப்பி வழியை அடைத்திருக்கும். காலை எடுத்த பிறகும் பிரேக் விடாது. பிரேக் பிரித்தால் ஹோஸ், வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஆயில் மூன்றையும் மாற்றிவிட வேண்டும்.

எதைத் தொடக் கூடாது?

அதற்காக எல்லாவற்றையும் மாற்றக் கிளம்பினால் அதுவும் ஆபத்து!

சத்தம் இல்லாமல், கியர் சரியாக விழுகிற கியர் பாக்சை எதற்குத் திறக்க வேண்டும்? ஓடுகிறதை ஓட விடு. புது ரப்பர் எல்லாமே தரமானது என்றும் சொல்ல முடியாது. அளவு பொருந்தாததும் உண்டு.

எனவே புதியது சரியாக உட்காரும்வரை பழசை வீசக் கூடாது. ஜி.பி. ரோட்டில் தேடியும் சாமான் கிடைக்காவிட்டால், லேத்தில் கடைந்து வாங்க அந்தப் பழசுதான் மாதிரி. கழற்றிய போல்ட், நட்டை இடம் எழுதிப் பையில் கட்டி வைக்கணும். செல்போனில் படம் எடுத்துக் கொள்வது இன்னும் நல்லது.

கிளட்சுக்குப் பிரித்தவர் பெயிண்டுக்குப் போவார். பெயிண்டுக்குப் போனவர் சீட்டு உறையைக் கிழிப்பார். கையிருப்பு தீரும். வண்டி செங்கல் மேல் நிற்கும். சில வருடத்தில் கழற்றியது எது, மாட்ட வேண்டியது எது என்றே மறந்துவிடும்.

ஒரு பகுதியைப் பிரி. அதில் தேய்ந்ததை மாற்று. மாட்டி ஓட்டிப் பார். பிறகு அடுத்ததைத் தொடு.

இல்லாவிட்டால், புதுப்பேட்டை ஒன்றும் ரொம்ப தூரம் இல்லை!