பல் கம்பியும் கொய்யா இலையும்

மலேசியாவின் டெங்கிலில் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் சிலரின் பற்களில் இப்போது கம்பி மின்னுகிறது. ஈறு வீங்கினால் கொய்யா இலையைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கச் சொல்லும் பாட்டிகளும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டி சொல்வதைப் பற்றி ஆய்வகம் என்ன சொல்கிறது?

முதலில் கம்பியைப் பார்ப்போம். ஒவ்வொரு பல்லிலும் ஒட்டப்படும் பிராக்கெட்டின் ஓரங்களில் பிரஷ் சரியாக நுழையாது. பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதில் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குயினிஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ், ஆக்டினோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள். இவற்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இவை இடம்பிடித்தபின் மற்றவை வந்து குடியேறுகின்றன. அவற்றுள் மோசமானது, 1924-இல் கிளார்க் என்பவர் பல்சொத்தையில் கண்டு பெயரிட்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். நாம் குடிக்கும் தே தாரிக்கின் சர்க்கரையில் இருந்தே அது பசையும் லாக்டிக் அமிலமும் தயாரிக்கும். பி.எச். அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழ நான்கு வாரமே போதும். கம்பியைக் கழற்றியபின் பல்வரிசை நேராகியிருக்கும், திட்டும் அங்கேயே இருக்கும்.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஃபாத்திலா அப்துல் ரசாக், சுபைடா அப்துல் ரஹிம் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் பொருந்துகிறது. உமிழ்நீர் பூசிய கண்ணாடிப் பரப்பில், அந்த முதல் குடியேறிகள் எவ்வளவு ஒட்டுகின்றன என்று அளந்தார்கள். வெற்றிலைச் சாறும் கொய்யா இலைச் சாறும் அந்த ஒட்டுதலைக் குறைத்தன. கிருமியைக் கொல்வதைவிட, ஒட்டவிடாமல் தடுக்க முடியுமா என்று கேட்டதே இந்த ஆய்வின் சிறப்பு என்பேன். (வெற்றிலை என்றால் வெறும் இலை. பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும்.)

ஆனாலும் கண்ணாடி வேறு, கம்பி கட்டிய வாய் வேறு. இன்னொரு வீட்டு வைத்தியமான நல்லெண்ணெய்க் கொப்பளிப்பை மனிதர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 20 பதின்ம வயதுப் பையன்கள் பங்கேற்றார்கள். எண்ணெய் கொப்பளித்தவர்களின் பல்லழுக்கில் ஒரு வாரத்துக்குள் மியூட்டன்ஸ் குறைந்தது. மருத்துவர்கள் தரும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தும் குறைத்தது. ஆனால் அதை நாள்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும்.

ஏற்கெனவே தடித்துப் படிந்த அழுக்கை எந்தக் கஷாயமும் பெயர்க்காது. எனவே முதலில் ஃப்ளூரைடு பற்பசை, கம்பிக்கு அடியில் நுழையும் குட்டி பிரஷ். படிந்ததெல்லாம் போனபின், கம்பி போட்ட மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஆறவைத்த கொய்யா இலை நீர்.