கந்தக பூமியில் ஒரு பிடி அரிசி

உலையில் போட அரிசி களையும் முன்பு ஒரு பிடியைத் தனியாக எடுத்துவைப்பது ஒரு காலத்தில் விருதுநகர் வீடுகளில் தினசரி வழக்கம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அந்த அரிசியை வாங்கிப்போவார்கள். வீடு வீடாகச் சேர்ந்த பிடியரிசியும், கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒதுக்கிய மகமைப் பணமும்தான் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலாவை நடத்தின. சம்பளம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் அங்கே பலகையும் கையுமாக உட்காரலாம். தகப்பனைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்த காமராஜர் படித்தது அங்கேதான். ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனார். அவரைப் படிக்கவைத்த அரிசி மட்டும் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. 1954இல் முதலமைச்சரானவர், 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

கனவை விடாமல் துரத்தி ஜெயித்தவர்களைப் பற்றிப் பேசும்போது ஒற்றை ஆளின் வைராக்கியத்தைத்தான் நாம் கொண்டாடுகிறோம். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தின் நூறு வருடக் கதையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே ஒருவர் தன் கனவை நம்பினார் என்றால், அவருக்காக வேறு யாரோ தன் உலையிலிருந்து ஒரு பிடியைக் குறைத்திருப்பார். அந்தப் பிடி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதில்தான் இந்த ஊர்களின் பெருமையும் இருக்கிறது, வலியும் இருக்கிறது.

வானம் பார்த்த பூமி இது. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் மழையை நம்பி விதைத்தவை. மழையைப் போலவே மனிதர்களும் கைவிட்ட காலம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிவகாசி நாடார்கள் விசுவநாதர் கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டார்கள். கதவு திறக்கவில்லை, பகைதான் முற்றியது. 1899 ஜூனில் ஊரையே சூறையாடிய பெருங்கலவரம் மூண்டது. கமுதி கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது பற்றிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சாமி முன்னால் நிற்க விடமாட்டேன் என்று ஊரும் சட்டமும் சேர்ந்து சொன்ன பிறகும் அவர்கள் சாமியை விடவில்லை. தங்கள் பத்திரகாளிக்குக் கோயில் எடுத்தார்கள், பொங்கல் வைத்தார்கள். கோயில் காசு எது, பள்ளிக்கூடக் காசு எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு இரண்டுமே மகமையில் வளர்ந்தன. பக்தியும் படிப்பும் இங்கே ஒரே உண்டியலில் விழுந்தவை என்பதை மறந்துவிட்டு இந்த மக்களின் நம்பிக்கையைப் பற்றிப் பேச முடியாது.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகள்தான் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும். உறவினர்கள், இளைஞர்கள். 1922இல் இருவரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். ஜப்பானியர்கள் கொண்டுவந்த தீப்பெட்டித் தொழில் அங்கே வங்காளிகளின் கைக்கு வந்திருந்த நேரம். இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியிருந்ததால் உள்ளூர்ச் சரக்குக்கு மவுசு கூடியது. பாஷை தெரியாத ஊரில் மாதக்கணக்கில் தங்கி, குச்சிக்கு மருந்து முக்குவது முதல் பெட்டி மடிப்பது வரை கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மறு வருடம் சிவகாசியில் தீப்பெட்டி ஆபீஸ் தொடங்கியது. இங்கே ஆலை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ் என்பதுதான் வழக்கு.

அவர்கள் ஆரம்பித்த வேகத்தில் எல்லாம் கூடிவந்துவிடவில்லை. குச்சிக்கு மரம் இந்த மண்ணில் கிடையாது; கேரளத்திலிருந்து வர வேண்டும். அதே வருடம் சுவீடன் நாட்டுக் கம்பெனி விம்கோ என்ற பெயரில் இந்தியாவுக்குள் வந்து, பெரிய எந்திரங்களோடு போட்டிக்கு நின்றது. அந்த எந்திரத்துக்கு எதிரே சிவகாசி வைத்த முதலீடு மூன்று: வெயில், கை, பொறுமை. பயிரைக் காயவைத்துக் கொன்ற அதே வறட்சி, குச்சியையும் லேபிளையும் சீக்கிரம் உலர்த்திக் கொடுத்தது. 1926இல் இருவரும் மனக்கசப்பு இல்லாமல் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் அணில் மார்க், இன்னொருவர் காக்கா மார்க். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது, மருந்தோடு பழகிய கை பட்டாசுக்குத் தாவியது. லேபிள் அச்சடிக்க வந்த அச்சகங்கள் நாடு முழுவதற்கும் காலண்டர் அடிக்க ஆரம்பித்தன. நேரு வைத்ததாகச் சொல்லப்படும் ‘குட்டி ஜப்பான்’ என்ற பட்டப்பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது.

இந்த வெற்றிக் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகிறவர்கள் அதிகம். அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

1980களில் இந்த ஊர்களைச் சுற்றியிருந்த கிராமங்களில் விடியற்காலை மூன்று மணிக்கே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும். தூக்கக் கலக்கத்தோடு, தூக்குவாளியோடு குழந்தைகள் ஏறுவார்கள். திரும்புவதற்குள் இருட்டிவிடும். மரச் சட்டத்தில் குச்சியை வரிசையாக அடுக்குவதற்குச் சின்ன விரல்கள்தான் தோது என்று ஒரு நியாயம் வேறு சொன்னார்கள். அட்வான்ஸ் வாங்கிய குடும்பத்துக்குப் பிள்ளையை அனுப்பாமல் இருக்க வழியில்லை. 1983இல் ஆய்வாளர் ஸ்மிது கோத்தாரி இதை எழுதினார். 1990இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை சலம் பென்னூர்கர் எடுத்தார். கோவில்பட்டிக் கரிசலின் எழுத்தாளர் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ படத்தில் அதே பிள்ளைகளைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

ஒரு பிடி அரிசியால் பள்ளிக்கூடம் நடத்திய மண்ணில் இது எப்படி நடந்தது? மகமை என்பது ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகக் கட்டிய உண்டியல். வண்டியில் ஏறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்: தலித் குடும்பங்கள், நிலமில்லாத கூலிக்குடும்பங்கள். அவர்களுக்காக யாரும் அரிசி எடுத்துவைக்கவில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் முதலிடம் என்றாலே விருதுநகர் மாவட்டம் என்று தமிழ்நாடு பழகிப்போயிருந்த வருடங்களும், இந்த வண்டிகள் ஓடிய வருடங்களும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன. தேர்ச்சி விழுக்காட்டில் பரீட்சை எழுதிய பிள்ளைதான் வரும். வண்டியேறிய பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாயைத் தன் பங்காக நிதியில் சேர்க்க வேண்டும். தீர்ப்பு, தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், மதிய உணவு, தொண்டு நிறுவனங்களின் விடாத நச்சரிப்பு எல்லாம் சேர்ந்து வண்டியைக் காலியாக்கின. அதற்காக உழைத்தவர்களில் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறவர்கள் அந்தத் தாய்மார்கள்தான். பிள்ளை கொண்டுவந்த கூலியை இழந்து, அந்த இடத்தில் தங்கள் கையை வைத்தார்கள். அடுத்த பிடி அரிசியை எடுத்துவைத்தவர்கள் அவர்கள்.

அந்தக் கை எங்கே வேலை செய்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஃபயர் ஆபீசில் அறைகள் ஒட்டி ஒட்டி இருக்காது; இடைவெளி விட்டுத் தனித்தனியாக நிற்கும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும்படி இருக்க வேண்டும், ஓடுவதற்கு. வாசலில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் மண்ணுக்கு இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. உடுத்துவது பருத்தி, நைலக்ஸ் கூடாது. செல்போன் கேட்டோடு சரி. மருந்தைக் கையாளும் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி கலந்த மருந்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, இழுக்கக் கூடாது. ‘உராய்வு’ என்று செய்தித்தாளில் ஒரே வார்த்தையில் வருவது, ஒரு தட்டு தரையில் இழுபட்ட அளவுதான் இருக்கும். கலந்ததை அன்றைக்கே செலுத்தி முடித்துவிட வேண்டும். மீதம் வைத்த மருந்தில் ஈரம் ஏறினால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு, பீஸ் கணக்குக் கூலிக்காகக் கையையும் வேகமாக ஓட்டியாக வேண்டும்.

அந்தக் கூலி வாரச் சம்பளமாக சனிக்கிழமை வரும். மளிகைக்கடை பாக்கி, குழுக் கடன், மகளின் காலேஜ் பீஸ் என்று அன்றைக்கே பங்காகிவிடும். தீபாவளி முடிந்தால் சில வாரம் வேலை இருக்காது. மழைக்காலத்தில் சரக்கு காயாது. நகை அடகுக்கடைக்குப் போவதும் தீபாவளி போனஸில் மீண்டு வருவதும் வருடா வருடம் நடக்கும்.

இந்த வாழ்க்கையில் சாமி எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி சாலையைத்தான் காட்டுவேன். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்திலுள்ள மாரியம்மனைப் பார்க்க மைல் கணக்கில் நடந்து வருகிறவர்களில் ஃபயர் ஆபீஸ் பெண்கள் ஏராளம். விருதுநகரில் பங்குனிப் பொங்கல் வந்தால் பராசக்தி மாரியம்மனுக்கு அக்கினிச் சட்டி. வருடம் முழுக்க ஒரு பொறி விழாமல் பார்த்துக்கொள்வதையே வேலையாகக் கொண்டவர்கள், அன்றைக்கு நெருப்பைக் கையிலேயே ஏந்தி நடக்கிறார்கள். பிள்ளை பாஸாகணும், காலேஜில் இடம் கிடைக்கணும், நான் வீட்டுக்கு நல்லபடியாகத் திரும்பி வரணும். நேர்த்திக்கடன்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும். இந்த நம்பிக்கையை வெறும் மூட பக்தி என்று யாராவது தள்ளினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சனிக்கிழமைச் சம்பளத்தில் பீஸுக்கென்று எடுத்துவைத்ததை, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் தொடாமலிருக்கும் உறுதியை அவர்களுக்குக் கொடுப்பது அதுதான்.

நெருக்கடிக்கும் குறைவில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏற்பட்ட வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். புகையைக் கண்டு உதவிக்கு ஓடிப்போனவர்களும் அதில் உண்டு. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்றது. ஆபீஸ்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சரவெடி பின்னியே பழகிய பெண்கள் வேறு வேலை தேடி அலைந்தார்கள். பட்டாசுப் புகையில் டெல்லியின் குழந்தைகள் மூச்சுத் திணறுவதும் உண்மை, இங்கே உலை கொதிக்காமல் போனதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது. அதிலிருந்து மீள்வதற்குள் 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது.

இதற்கிடையிலும் பிள்ளைகள் படித்தார்கள். 2023 பிளஸ் டூ தேர்வில் விருதுநகர் மாவட்டம் 97.85 விழுக்காட்டுடன் மறுபடியும் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. இந்த முறை அந்த எண்ணிக்கையில் ஃபயர் ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தொழிலதிபர்கள் கட்டிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலிருந்து நடக்கிறது. பெண்களுக்கான எஸ்.எஃப்.ஆர். கல்லூரி 1968இலிருந்து நடக்கிறது. கலந்த மருந்து கையில் ஒட்டியிருக்கும் அம்மாவின் மகள் இன்றைக்கு அப்படியொரு வகுப்பறையில் கணினியும் கணக்குப்பதிவியலும் படிக்கிறாள். அரசுப் பள்ளியில் படித்து வந்திருந்தால் 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. பஸ் பாஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை உயர்கல்வி வரை அரசே ஏற்கும் என்று அறிவித்து, முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கினார். வட்டம் பெரிதாகியிருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காத பிடியரிசி அது.

ஆனால் அது தாய் இறந்த பிறகு வரும் பணம். அவர் உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியவை வேறு. நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறையிடம் லைசென்ஸ் வாங்கிய ஆபீசை அறை அறையாகப் பிரித்து உள்குத்தகைக்கு விடுவது நிற்க வேண்டும். தீபாவளி ஆர்டர் நெருக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துவது நிற்க வேண்டும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேரைப் பார்த்தும் பார்க்காமல் போகும் போர்மேன், மேலதிகாரி இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும். இந்த வேலை என்னோடு போகட்டும் என்பதுதான் இங்கே வேலை செய்யும் தாய்மார்களின் பெரிய கனவு. அது பலிக்க இன்னும் இரண்டு வருடம் பீஸ் கட்ட வேண்டியிருக்கலாம், மூன்று வருடமும் ஆகலாம். அதுவரைக்கும் அவர்கள் காலையில் நுழையும் அறை சட்டப்படி கட்டிய அறையாக இருக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்று தலையை எண்ணிப் பார்க்க, முன்கூட்டித் தகவல் சொல்லாமல் ஓர் அதிகாரி வர வேண்டும்.