வேன்ல ஏறுற கேஸ் அடுப்பு

சிலிண்டர் கனமா இருக்கு, ஆனா அடுப்பு சுணங்குது. எங்க தொண்டாமுத்தூர்ல இருந்து ஊட்டிக்கு வேன்ல அடுப்போட போறவங்க அடிக்கடி சொல்ற புகார் இது. உடனே ரெகுலேட்டரைத்தான் திட்டுவாங்க.

நம்ம சிலிண்டர்ல இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது கொதிச்சு ஆவியானாதான் அடுப்புக்கு வரும். புரொப்பேன் −42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேனுக்கு −0.5 டிகிரி வேணும். ஊட்டியின் ஜனவரி விடியலில் பியூட்டேன் எழவே சோம்பல்படும். அதோட, புரொப்பேன்தான் முதலில் அதிகமா வெளியேறும். அதனால பாதி தீர்ந்த சிலிண்டர்தான் குளிர்ல அதிகம் சண்டித்தனம் பண்ணும். எரிய எரிய சிலிண்டரே இன்னும் குளிரும். 5 கிலோ சிலிண்டர்ல பெரிய பர்னர் வெச்சா சீக்கிரமே வெளியே வேர்த்துடும். அடுப்பை அணைச்சு கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க. தீ திரும்ப எழுந்தா, ரெகுலேட்டர் மேல பழி இல்லை. அடியில நெருப்பு வெச்சு சூடாக்குறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு பர்னர் மட்டும் சரியில்லைன்னா அந்த நாசில்லயோ, காத்து கலக்குற குழாயிலயோ அடைப்பு (மாசக்கணக்கில் சும்மா கிடந்த அடுப்புல சிலந்தி வலை சகஜம்). ரெண்டுமே சுணங்கினா டியூப் மடங்கியிருக்கான்னு பாருங்க. மஞ்சள் தீ, பாத்திரத்துல கரி என்றால் காத்து போதல. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்க காத்தே கிட்டத்தட்ட கால்பங்கு லேசு.

இடமில்லைன்னு சிலிண்டரைப் படுக்க வெச்சு எரிக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயம். ஆவிக்குப் பதிலா திரவமே ரெகுலேட்டருக்குப் போகும். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு ஆவி. தீ திடீர்னு ஆளுயரம் எழும்.

கசிவைச் சோப்புத் தண்ணியில் பாருங்க, தீக்குச்சியில் வேண்டாம். எல்பிஜி காத்தைவிடக் கனம். வேன் தரையில் தேங்கும். வாசம் வந்தா சுவிட்சையோ சாவியையோ தொடாம, கதவைத் திறந்து எல்லாரையும் இறக்கி, வால்வை மூடி, தள்ளி நின்னு 1906-க்குக் கூப்பிடுங்க.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. பயணிகள் விதிமீறிக் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொன்னது. வேனும் அதே மாதிரி ஒரு மூடிய பெட்டிதான். அடுப்பை இறக்கி, வெளியே பத்த வைங்க.