விளையாட்டின் பெயருக்கு விலை என்ன?

மேசை விளையாட்டு என்றால் நம் கண்ணுக்குத் தெரிவன பகடையும் சீட்டும் விதிநூலுமே. ஆயின் அதன் பெயரை வாங்கப் புகுவோர் கோடிக்கணக்கில் கொடுக்கின்றனர். அத்தொகையை மதிப்பிடும் முறையை நண்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

எத்தனை ஆண்டு இலாபத்தை முன்னதாகவே கொடுக்கத் துணிவோம் என்பதே அடிப்படை. ஆண்டு இலாபம் 2 கோடி ரூபாய். பத்தாண்டுக்குத் துணிந்தால் 20 கோடி. கடன் 5 கோடி இருப்பின் அதைக் கழித்து 15 கோடி கொடுக்கலாம்.

கடன் எளிய செய்தியன்று. 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ பெரும்புகழ் பெற்றது. எனினும் அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் கடனில் மூழ்கி, 1997-இல் ‘விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ கைக்குச் சென்றது.

அந்த விசர்ட்ஸையே 1999-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஏறத்தாழ 32.5 கோடி டாலருக்கு வாங்கிற்று. அந்நாளில் விசர்ட்ஸுக்குப் பணத்தை அள்ளித் தந்தவற்றுள் போகிமான் சீட்டுகளும் உண்டு. போகிமானோ ஜப்பானியர் சொத்து. விசர்ட்ஸ் பெற்றிருந்த உரிமம் 2003-இல் முடிந்துவிட்டது. ஆகவே சொந்தப் பொருளின் இலாபம் வேறு, இரவல் பொருளின் இலாபம் வேறு எனப் பிரித்தே பெருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டஞ்சன்ஸ் விதிகளைக் கொண்டு பிறரும் நூல் எழுத 2000 முதல் இசைவு இருந்தது. 2023 ஜனவரியில் அதை மாற்ற முயன்றபோது ஆடுவோர் கொதித்தெழுந்தனர், நிறுவனம் பணிந்தது. ஆடுவோர் நல்லெண்ணம் எந்த விற்பனைப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. விலை பேசுவோர் அதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.