ஏர்பிரஷ் வாங்குறதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க

மினியேச்சர் பெயின்டிங் பத்திப் பேசினதுல இருந்து நிறைய பேர் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "எந்த ஏர்பிரஷ் வாங்கலாம்?" இன்னைக்கு அதைப் பார்த்துடலாம்.

முதல்ல நான் ஏமாந்த கதை. ஆன்லைன்ல மலிவா ஒரு ஏர்பிரஷ், கூடவே உள்ளங்கை அளவு கம்ப்ரஸர் வாங்கினேன். மூணு வாரம் உட்கார்ந்து ஒட்டின 1/35 டாங்க் மாடல் மேல அடிச்சேன். பெயின்ட் விட்டு விட்டு வந்துச்சு. நடுவுல தண்ணி தெறிச்சு புள்ளி புள்ளியா ஆயிடுச்சு. பிரஷ்தான் சரியில்லைன்னு நினைச்சு, விலை கூடின இன்னொண்ணு வாங்கினேன். மறுபடியும் அதே புள்ளி.

எங்க மாமா ஆம்பூர்ல தோல் ஃபினிஷிங்ல பல வருஷம் ஸ்ப்ரே அடிச்சவர். மாடலைப் பார்த்தவர் பிரஷ்ஷைத் தொடக்கூட இல்லை. "காத்து எங்கிருந்துடா வருது?"ன்னு கேட்டார்.

விஷயம் இதுதான். காத்தை அழுத்தினா சூடாகும். அது ட்யூப்ல போகும்போது ஆறும். அப்போ அதுல இருக்கிற ஈரம் தண்ணியா மாறும். தோல் மேல அந்தச் சொட்டு விழுந்தா ஃபினிஷ் கெட்டுடும். அதனால ஃபேக்டரியில ஏர் லைன்ல ஈரம் பிடிக்கிற ஃபில்டர் போடுவாங்க. நமக்கும் அதே கதைதான். டாங்க் இல்லாத குட்டி கம்ப்ரஸர் காத்தைத் துடிப்பு துடிப்பாத்தான் தள்ளும். 3 லிட்டர் டாங்க், ரெகுலேட்டர், மாய்ஸ்சர் ட்ராப் மூணும் இருக்கிறதா வாங்குங்க. வேலை முடிஞ்சதும் டாங்க்ல சேர்ந்த தண்ணியைத் திறந்து விட்டுடுங்க.

"அப்போ தோலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே கன்னையே வச்சுக்கலாமா?" வேண்டாம். அது சதுர அடிக் கணக்குல இருக்கிற தோலுக்கானது. நாசில் 1 மி.மீ.க்கு மேல இருக்கும். நம்ம பொம்மையோ 28 மி.மீ. உயரம். ஏர்பிரஷ் நாசில் 0.2-ல இருந்து 0.5 வரைக்கும் வரும். முதல் பிரஷ்ஷுக்கு 0.3 பக்கம் போங்க. 0.2-ல நுணுக்கமா வரையலாம், ஆனா சீக்கிரம் அடைச்சுக்கும். 0.5 ப்ரைமருக்கு நல்லது.

டபுள் ஆக்‌ஷனா பாருங்க: டிரிக்கரை அழுத்தினா காத்து, பின்னால இழுத்தா பெயின்ட். கப் மேல இருக்கிற கிராவிட்டி ஃபீட் மாடல்ல பெயின்ட் தானா இறங்கும். சில சொட்டு போதும், குறைஞ்ச பிரஷரே போதும். 15-ல இருந்து 25 பி.எஸ்.ஐ. வச்சுக்கலாம். இவாட்டா எக்லிப்ஸ் ஹெச்.பி.-சி.எஸ். 0.35 மி.மீ., பல பேர் வருஷக்கணக்கா வச்சிருக்காங்க. எந்த பிராண்டா இருந்தாலும் ஊசியும் நாசிலும் தனியா கிடைக்குதான்னு விசாரிங்க. ஒரு தடவை கீழே விழுந்தா ஊசி முனை வளைஞ்சிடும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். வேலூரைச் சும்மாவா 'வெயிலூர்'னு கிண்டல் பண்றாங்க! அக்ரிலிக் பெயின்ட் ஊசி முனையிலேயே காஞ்சு நிக்கும். பால் பதத்துக்குக் கரைச்சு, ரெண்டு சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவர் சேருங்க. அப்பப்போ ஈரப் பிரஷ்ஷால முனையைத் துடைங்க. கனமா ஒரே கோட் அடிக்காதீங்க. மெல்லிசா மூணு அடிங்க. தோல் ஃபினிஷிங்லயும் அப்படித்தான்.

கடைசியா மாஸ்க். மாமா காலத்துல மூக்குல கைக்குட்டைதான் கட்டிப்பாங்களாம். இப்போ அவருக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது. அதுக்கு ஸ்ப்ரேதான் காரணம்னு நான் சொல்ல முடியாது. ஆனா என் ரூமைப் பார்த்துட்டு அவர் முதல்ல வாங்கச் சொன்னது மாஸ்க்தான். தண்ணியில கரையிற பெயின்ட்டா இருந்தாலும் அந்தப் புகை நுரையீரலுக்குப் போகும். துணி மாஸ்க் பத்தாது. துகள் பிடிக்கிற ரெஸ்பிரேட்டர் போடுங்க. லாக்கர், தின்னர் அடிச்சா ஆவியைப் பிடிக்கிற கார்ட்ரிட்ஜும் வேணும். ஜன்னலைத் திறந்து வைங்க.

ஆக, பட்ஜெட்டை இந்த வரிசையில பிரிங்க: மாஸ்க், கம்ப்ரஸர், மிச்சத்துல பிரஷ். நான் தலைகீழா வாங்கி ரெண்டு தடவை காசு விட்டேன். உங்க முதல் மாடல் முடிஞ்சதும் போட்டோ அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.